ஏரி காத்த ஊர் மின்னும் காக்கட்டும்!

ஓர் ஊரின் ஏரி எவருடையது என வினவினால், சிற்றூர்ச் சிறுவனும் தயங்காது 'ஊருடையது' என்பான். அதன் கரையை உயர்த்தியவர் ஊரார். மடையைத் திறந்தடைக்கும் நீர்க்கட்டியை அமர்த்தி, களத்துமேட்டில் அவனுக்குக் கூலிநெல் அளந்தவர் ஊரார். தலைமடைக்கு இத்தனை நாழிகை, கடைமடைக்கு இத்தனை நாழிகை என முறை வகுத்ததும் ஊரே. ஆனால், அவ்வேரியின்மேல் அலையெழுப்பிச் செல்லும் காற்று எவருடையது? அதன் கரைமேல் காயும் வெயில் எவருடையது? இவ்வினாக்கட்குக் கற்றவரும் விடையிறுக்கத் தடுமாறுவர். 'எவருடையதும் அன்று' என்பர் சிலர். எவருடையதும் அன்று என விடப்பட்ட பொருள், முந்திக் கைவைத்தவனுடையதாய் முடிவதே உலகியல். தமிழ்நாட்டுக் காற்றுக்கு நேர்ந்ததும் அதுவே.

தமிழ்நாட்டின் மேற்கெல்லை நெடுக மலை, மதில்போல் நிற்கின்றது. அம்மதிலில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய வாயில்கள் உள்ளன. தென்மேற்குப் பருவக் காற்று அவற்றின் வழியே நெருக்குண்டு விரைந்து பாய்கின்றது. 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் முதன்முதல் நிறுத்தப்பட்டன. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டையும் கடந்துவிட்டது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அவ்வாலைகளின் உடைமையாளர் யாவர் என்று பார்த்தால், பெரும்பாலும் நூற்பாலைகளும் பெருநிறுவனங்களும் பணம் படைத்தோருமே ஆவர். எந்த ஊரின் புன்செயில் அக்கம்பம் ஊன்றப்பட்டதோ, அவ்வூருக்குக் கிடைத்தது ஒருமுறை வாங்கிய நிலவிலையும், ஓரிரு காவல் வேலையுமே. தலைக்குமேல் இறக்கை சுழல, அதன் நிழலில் ஆடு மேய்ப்பவன் தன் வீட்டு மின்கட்டணத்தைக் கட்டக் கடன் கேட்டு நிற்கின்றான்.

இந்நிலை தானே வந்ததன்று. அதற்குக் கரணியம் உண்டு. 1990-களில், காற்றாலை வாங்குவோர் அதன் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொண்டு வருவாய் வரியைக் குறைத்துக்கொள்ள நடுவணரசு இடந்தந்தது. பின்னர் அக்கழிவு 80 விழுக்காடாயிற்று. பெருவருவாயும் பெருவரியும் உடையவனுக்கே இச்சலுகையால் பயன். வரி செலுத்துமளவு ஈட்டமில்லாத உழவனுக்கும், ஊராட்சிக்கும், கூட்டுறவுக் கழகத்திற்கும் அதனால் ஒரு காசும் மிஞ்சாது. காற்று எல்லார்க்கும் ஒப்பவே வீசிற்று. சட்டம் ஒருபால் சாய்ந்து நின்றது.

ஓடந்துறை காட்டிய வழி

சட்டம் சாய்ந்து நின்றபோதும் நிமிர்ந்து நின்ற ஓர் ஊர் தமிழ்நாட்டில் உண்டு. கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலமலையின் அடிவாரத்தில் உள்ளது ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் 2006 வரை அதன் தலைவராய் இருந்தவர் சண்முகம். குடிநீர் வழங்கலும் தெருவிளக்கும் பெருகப் பெருக, ஊராட்சியின் மின்கட்டணமும் பன்மடங்காயிற்று. பிற ஊராட்சிகள் செய்வதுபோல் மானியத்திற்கு மனு எழுதி அமைந்திருக்கலாம். அல்லது விளக்குகளை அணைத்துச் சிக்கனம் பேசியிருக்கலாம். ஓடந்துறை இரண்டையும் செய்யவில்லை. மின்னை விலைக்கு வாங்குவதினும் விளைத்துக் கொள்வதே நன்று எனத் துணிந்தது.

முதலில் சிறிதாகத் தொடங்கிற்று. சில தெருவிளக்குகள் கதிரவன் ஒளியால் எரிந்தன. 2003-ஆம் ஆண்டளவில், மரக்கழிவை எரிவளியாக்கி மின்விளைக்கும் 9 கிலோவாட்டுப் பொறி ஒன்று குடிநீரேற்றத்திற்காக அமைக்கப்பட்டது. சிறுபொறியைக் கையாண்டு பழகிய துணிவே பெரும்பொறிக்கு வழிகோலிற்று. 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட்டுத் திறனுடைய காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கிற்று. விலை 1.55 கோடி உருபா. அதில் 40 இலக்கம் ஊராட்சியின் சேமிப்பு, எஞ்சிய 1.15 கோடி வைப்பகக் கடன். அக்கடனைப் பொறியின் வருவாயே அடைக்கும் என்பது திட்டம்.

இக்கணக்கைச் சற்று நின்று நோக்குதல் நன்று. 350 கிலோவாட்டுப் பொறி ஆண்டு முழுதும் ஓயாது முழுத்திறனோடு சுழன்றால் முப்பது இலக்கம் அலகுக்கு மேல் விளையும். ஆனால் காற்று பருவத்திற்கு வருவது. வைகாசி முதல் புரட்டாசி வரை மிகுந்தும் பிற திங்கள்களில் குறைந்தும் வீசுவது. ஆதலின் முழு அளவில் கால்பங்கிற்கும் சற்றுக் குறைவாகவே கிட்டும். ஓடந்துறைப் பொறியின் ஆண்டு விளைவு 6.75 இலக்கம் அலகு என்றும், ஊரின் தேவை 4.5 இலக்கம் அலகு என்றும் கணக்கிடப்பட்டன. கால்பங்கும் நிரம்பாத அவ்விளைவே ஊருக்குப் போதியதாகி, மேலும் இரண்டு இலக்கம் அலகுக்கு மேல் மிகுந்தது. அம்மிகுதி மின்வாரியத்திற்கு விற்கப்பட்டது. மின்வாரியத்திடம் வாங்கி மட்டுமே பழகிய சிற்றூர், மின்வாரியத்திற்கு விற்கும் ஊராயிற்று!

இங்கே மறைக்கக்கூடாத உண்மையொன்றும் உண்டு. அக்காற்றாலை ஓடந்துறையில் நிற்கவில்லை. காற்று மிகுந்த உடுமலைப்பேட்டைப் பகுதியில், மைவாடியில் நிற்கின்றது. அங்கு விளையும் மின் பொதுக் கம்பிவலையில் கலக்கின்றது. கணக்கில்தான் ஓடந்துறைக்கு வரவாகின்றது. இதனை ஒரு குறையாகச் சொல்வோர் உண்டு. குறையன்று, அதுவே பாடம். காற்றில்லாத ஊரும் காற்றுள்ள இடத்தில் பொறி நிறுத்தலாம். கம்பிவலை பொதுவாயிருந்தால் போதும். ஆயினும், மைவாடியின் காற்றால் ஓடந்துறை பயன்பெறுமாயின், மைவாடி போன்ற ஊர்கட்கும் ஒரு பங்கு உண்டென்னும் முறை இனி வரும் கூட்டு முயற்சிகளில் அமைதல் வேண்டும். ஓர் ஊரின் உரிமையை நிலைநாட்டப் புகுவோர் இன்னோர் ஊரின் உரிமையை மறத்தல் கூடாது.

விளைப்பது எளிது, பகிர்வதே கடினம்

பொறி வாங்குவதற்குப் பணமும் கடனும் போதும். விளைந்ததைப் பகிர்வதற்கோ அறம் வேண்டும். அவ்வறத்தை நாள்தோறும் காக்கும் முறை வேண்டும். இதற்குக் கடல்கடந்த ஒரு தீவின் பட்டறிவு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இசுக்காட்லாந்தின் மேற்குக் கடலில் எக்கு என்னுஞ் சிறு தீவு உள்ளது. ஏறத்தாழ நூறு பேரே அதன் குடிகள். வழிவழியாய்த் தனியொருவர் உடைமையாய்க் கைமாறி வந்த அத்தீவை, 1997-ஆம் ஆண்டில் குடிகளே பிற அமைப்புகளின் துணையோடு விலைக்கு வாங்கி மீட்டனர். பெருநிலத்து மின்கம்பி அத்தீவை எட்டியதில்லை. வீட்டுக்கு வீடு கன்னெய்ப் பொறி இரைந்துகொண்டிருந்தது. 2008-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் அத்தீவார் தமக்கென மின்னமைப்பு ஒன்றைத் தொடங்கினர். மலையோடையின் நீர்வீழ்ச்சி, நான்கு சிறு காற்றாலைகள், கதிரவத் தகடுகள் ஆகிய மூன்றும் ஒன்றாய் இணைக்கப்பட்டன. மாரியில் ஓடையும் காற்றும் கைகொடுக்கும். கோடையில் ஓடை வற்றுங்கால் வெயில் கைகொடுக்கும். மிகுந்ததை மின்கலங்கள் ஏற்று வைக்கும். மூன்றும் குன்றும் நாளுக்கென்றே பழைய கன்னெய்ப் பொறி காத்திருக்கும்.

வியத்தற்குரியது அப்பொறியமைப்பன்று, பங்கீட்டு முறையே. ஒரு வீடு ஒரே வேளையில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுத்தலாகாது. தொழிலிடமாயின் 10 கிலோவாட்டு. செல்வன் வீட்டிற்கும் அதே அளவு, எளியவன் வீட்டிற்கும் அதே அளவு. அளவு மீறினால் இணைப்புத் தானே அற்றுப்போகும். எவரும் எவரையும் கண்டிக்க வேண்டியதில்லை, பொறியே நடுவர். மழையும் காற்றும் மிகுந்து மின்கலம் நிரம்பி வழியும் நாளில், எஞ்சிய மின் ஊர்ப்பொதுக் கட்டடங்களைச் சூடேற்றச் செல்கின்றது. அளவோடு எடுப்பதும், மிகுந்ததைப் பொதுவுக்கு விடுவதும் ஆகிய இவ்விரண்டே அங்குள்ள முறை.

இம்முறை தமிழர்க்குப் புதிதா? முறைநீர் என்பது இதுவன்றி வேறென்ன? தலைமடைக்காரன் வலியன் என்பதற்காகக் கடைமடைப் பயிர் கருகுமாறு விட்டதில்லை நல்லாட்சி நடந்த ஊர்கள். குளம் நிரம்பிக் கலிங்கு வழிந்தால், அவ்வழிநீர் அடுத்த ஊர்க் குளத்தை நிரப்பிற்று. எக்குத் தீவார் மின்னுக்கு வகுத்ததை, ஏரிநீருக்கு வகுத்தவர் தமிழர். ஒப்புரவு என்னுஞ் சொல்லை உலகிற்கு உணர்த்த வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். அச்சொல் நூலில் உறங்க, அதன் பொருள் வடகடல் தீவில் விழித்திருக்கின்றது!

வாரியம் என்னுஞ் சொல்

இன்று 'மின்வாரியம்' என்று அனைவரும் சொல்கின்றனர். அச்சொல்லின் பின்பகுதி எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் அரியர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பல வாரியங்களை அவை கூறுகின்றன. வாரியப் பெருமக்களைக் குடவோலையால் தேர்ந்தெடுத்தனர்; அவர்தம் பொறுப்பு ஓராண்டிற்கே. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கத் தகுதியற்றவராயினர்.

அவ்வூரவை அனைவர்க்கும் உரியதாய் இருந்ததில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அது பார்ப்பனர் ஊரவை. நிலமும் மறைக்கல்வியும் உடையோர்க்கே அங்கு இடம். உழுதவனுக்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. ஆதலின் அவ்வவையைப் பொற்காலம் எனப் போற்றுதல் தகாது. கொள்ளத்தக்கது அதன் கணக்கு முறை. தள்ளத்தக்கது அதன் விலக்கு முறை. ஓராண்டுப் பொறுப்பு, கட்டாயக் கணக்கு, கணக்குக் காட்டாதவனுக்குத் தடை ஆகிய மூன்றையும் எடுத்து, எல்லாக் குடிக்கும் ஒப்ப உரிமையென்னும் அடிப்படையில் வைத்தால், அதுவே இன்றைய ஊர் மின்வாரியம். பெயர் ஏற்கெனவே தமிழில் உள்ளது. பொருளைத்தான் ஊருக்கு மீட்டுத் தரவேண்டும்.

கம்பியையே மீட்ட ஊரும் உண்டு. செருமனி நாட்டில் கருங்காட்டுப் பகுதியில் உள்ள சோனாவு என்னுஞ் சிற்றூர், 1986-ஆம் ஆண்டுச் செர்னோபில் அணுவுலைப் பேரிடரால் நெஞ்சம் அதிர்ந்தது. குழந்தைகளின் நலங்கருதிக் கூடிய பெற்றோர் சிலர், அணுமின்னை விற்கும் நிறுவனத்திடமிருந்து ஊரின் மின்கம்பிகளையே வாங்க முனைந்தனர். 1991-இலும் 1996-இலும் இருமுறை ஊர்வாக்கெடுப்பு நடந்தது. இருமுறையும் வென்று, 1997-ஆம் ஆண்டில் கம்பிவலையைத் தம் கூட்டமைப்பின் உடைமையாக்கினர். பதினோராண்டு உழைப்பு! ஊர் மின்னுரிமை ஒருநாளிற் கிடைப்பதன்று என்பதற்கும், விடாது நிற்போர்க்குக் கிடையாமற் போவதன்று என்பதற்கும் அவ்வூரே சான்று.

ஏட்டில் உள்ள உரிமை

சட்டம் இடந்தராது என்று கைகட்டி இருப்போர் சட்டத்தைப் படித்துப் பார்த்தல் வேண்டும். 1992-ஆம் ஆண்டின் 73-ஆம் அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகட்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பதினோராம் அட்டவணையில் வகுத்தது. அவற்றுள் 14-ஆவது, மின்பகிர்வு உள்ளிட்ட ஊரக மின்வழங்கல். 15-ஆவது, மரபுசாரா ஆற்றல் வாயில்கள். விளைத்தலும் பகிர்தலும் ஆகிய இரண்டும் ஏட்டில் ஊராட்சிக்கு அடுத்தடுத்து எழுதப்பட்டுள்ளன. எழுதியது ஏட்டோடு நிற்கின்றது. அப்பொருள்களை ஒப்படைப்பது மாநில அரசின் விருப்பிற்கு விடப்பட்டதே அதற்குக் கரணியம்.

2003-ஆம் ஆண்டு மின்சட்டமும் அதன்கீழ் 2005-இல் வந்த விதிகளும் இன்னொரு வாயிலைத் திறந்தன. பலர் கூடித் தம் பயனுக்கென மின்னிலையம் அமைக்கலாம். பயன்படுத்துவோர் அதன் உடைமையில் 26 விழுக்காட்டிற்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும். ஆண்டு விளைவில் 51 விழுக்காட்டிற்குக் குறையாமல் தாமே பயன்கொள்ள வேண்டும். கூட்டுறவுக் கழகத்திற்கும் இவ்வுரிமை உண்டு. ஆனால் அவ்வாயிலின் வழியே நுழைந்தவை பெரும்பாலும் உயரழுத்த இணைப்புடைய ஆலைகளே. நூறு குடிகள் கூடி ஒரு பொறி வாங்கி, விளைவை நூறு வீட்டு மின்னளவியிலும் கழித்துக்கொள்ள எளிய வழி வேண்டும். தில்லியில் 2019-ஆம் ஆண்டில் அத்தகைய பங்கீட்டு முறைக்கு நெறிகள் வகுக்கப்பட்டன. தனக்கெனக் கூரையில்லாத வாடகைக் குடியும், வேறோரிடத்துத் தகட்டில் பங்கு பெற்றுத் தன் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள அந்நெறி இடந்தருகின்றது. தலைநகருக்கு இயல்வது சிற்றூருக்கு இயலாததாதல் ஏன்?

மறுப்புகளும் விடைகளும்

'உழவர்க்குக் கட்டணமின்றியும், வீடுகட்கு முதல் நூறு அலகு கட்டணமின்றியும் அரசே மின் தருங்கால், ஊர் ஏன் விளைக்கவேண்டும்?' என வினவுவோர் உண்டு. வினா வலியதே. ஆனால் கட்டணமில்லா மின் கொடை. தானே விளைத்த மின் உரிமை. கொடையைக் கொடுத்தவன் குறைக்கலாம், நேரம் மாற்றலாம், நிறுத்தலாம். மேலும், விலையில்லா மின்னால் ஓயாது இறைத்து இறைத்து, கிணறுகள் ஆழ்துளைகளாகி, ஆழ்துளைகள் வறண்டு வருவதை உழவர் அறிவர்.

குசராத்து மாநிலத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி என்னுஞ் சிற்றூர் இதற்கு ஒரு மாற்றைக் கண்டது. அங்கு ஆறு உழவர் கூடிக் கதிரவ மின் கூட்டுறவுக் கழகம் அமைத்தனர். தம் கதிரவ இறைபொறிகள் இறைத்ததுபோக எஞ்சிய மின்னை, 2016-ஆம் ஆண்டு முதல் அலகொன்று 4.63 உருபா என 25 ஆண்டு ஒப்பந்தத்தில் மின்நிறுவனத்திற்கு விற்கத் தொடங்கினர். அதற்கீடாகச் சலுகைவிலை மின்னிணைப்புக் கேட்கும் உரிமையைத் துறந்தனர். வெயிலும் ஒரு விளைச்சலாயிற்று. வீணே இறைக்கும் ஒவ்வோர் அலகும் விற்பனையில் இழப்பு என உணர்ந்தவன், நீரை அளந்தே இறைப்பான். நிலத்தடி நீரைக் காக்க ஆயிரம் அறிவுரை செய்யாததை அவ்வூதியம் செய்யும்.

'பொறி பழுதானால் ஊரார் என்செய்வர்?' என்பது அடுத்த வினா. காற்றாலையின் வாழ்நாள் இருபது முதல் இருபத்தைந்து ஆண்டு. மின்கலத்தின் வாழ்நாள் அதனினுங் குறைவு. ஈட்டத்தின் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பழுதுநீக்க வைப்பாக ஒதுக்காத ஊர், கரையைச் செப்பனிடாத ஏரியை ஒக்கும். ஒரு பெருமழையில் உடையும். தொண்டு நிறுவனமோ அரசோ இலவயமாய் நிறுத்திய எத்தனையோ கதிரவ விளக்குகள், மின்கலம் செத்தபின் வெறுங்கம்பமாய் நிற்கின்றன. கொடுத்தவர் இருந்தனர், உடையவர் இல்லை. அதுவே அவற்றின் நோய்.

செய்யத்தக்கன

முதலாவது, ஒவ்வோர் ஊர்மன்றமும் தன் மின்கணக்கைத் தானே எடுத்தல் வேண்டும். தெருவிளக்கிற்கு எத்தனை அலகு, குடிநீரேற்றத்திற்கு எத்தனை அலகு, பள்ளிக்கு எத்தனை அலகு, கட்டிய தொகை எவ்வளவு என ஊரறிய எழுதி ஒட்டுக! தன் தேவையை அறியாத ஊர் தன் விளைவைத் திட்டமிட முடியாது.

இரண்டாவது, சிறிதிற் தொடங்குக! பள்ளிக் கூரையும் ஊராட்சிக் கட்டடமும் கூட்டுறவுக் கடைக் கூரையும் வெயிலில் வெறிதே காய்கின்றன. ஒரு நீரேற்றியின் தேவையை ஒரு கூரை தருமாயின் அதுவே தொடக்கம். ஓடந்துறையும் 9 கிலோவாட்டிற் பழகியே 350 கிலோவாட்டிற் கைவைத்தது.

மூன்றாவது, பங்கு பலவாயினும் வாக்கு ஒன்றாதல் வேண்டும். நூறு பங்கு வைத்தவனுக்கு நூறு வாக்கெனின், ஊர்ப்பொறி ஓராண்டில் மிராசுதாரன் பொறியாகிவிடும். பணமில்லாத குடி உழைப்பாலோ சிறுதவணையாலோ பங்கு பெற வழிவைக்க வேண்டும். சேரியின் விளக்குக் கடைசியில் எரியுமாயின், அது கூட்டுமின்னும் அன்று, தமிழர் மின்னும் அன்று.

நான்காவது, கணக்கும் பொறியின் கையேடும் ஊர்மன்ற முடிவும் தமிழில் இருத்தல் வேண்டும். தனக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட ஊர், தன் காற்றை மீண்டும் ஒருமுறை விற்ற ஊராகும். பொறியைப் பழுதுபார்க்கும் இளைஞன் ஊரிலேயே பயிற்சி பெறுதல் வேண்டும். அவனே இனி வரும் காலத்து நீர்க்கட்டி.

ஐந்தாவது, அரசு செய்யவேண்டியது. கூட்டு விளைவைக் குடிகளின் மின்னளவிகளிற் பகிர்ந்து கழிக்கும் எளிய விதி, ஊராட்சிக்கும் கூட்டுறவுக்கும் குறைவட்டிக் கடன், பெருநிறுவனப் பொறி நிற்கும் ஊருக்கு அவ்விளைவில் உரிய பங்கு ஆகிய மூன்றும் கேட்டுப் பெறத்தக்க உரிமைகள். இரந்து பெறத்தக்க சலுகைகள் அல்ல.

தமிழ்நாட்டில் பன்னீராயிரத்திற்கு மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. ஓடந்துறையைக் காண வெளிநாட்டினரும் வந்து சென்றனர். பக்கத்து ஊர்கள் அவ்வழியை நடந்த வழியாக்காமல், வியந்து பார்க்கும் வழியாகவே விட்டுவிட்டன. வியப்பு விளக்கேற்றாது. முன்னோர் ஏரியை வெட்டியபோது, வானம் பொழிவதை நிறுத்திவைக்கக் கரை கட்டினர். இன்றோ வெயிலும் காற்றும் நாள்தோறும் ஊரின்மேல் பொழிந்து, கரையில்லாமல் ஓடி, பிறர் களஞ்சியத்திற் சேர்கின்றன. அக்கரையைக் கட்டவேண்டிய கைகள் ஊரில்தான் உள்ளன.

ஊர் கூடட்டும்! கரை உயரட்டும்! கடைமடை வீட்டிலும் விளக்கெரியட்டும்!